மீன் தொட்டியும் கீரைப் பெட்டும்: வாசகர் கேள்வி பதில்

மீன் வளர்க்குற தண்ணிய ஜல்லி நிரப்பின பெட்ல (பாத்தியில) இருக்குற செடிக்கு விட்டு, வேர்ல பட்டு சுத்தமாகி வர்ற தண்ணிய மறுபடி மீனுக்கே அனுப்புற அக்வாபோனிக்ஸ் பத்தி கேள்விங்க நிறைய சேர்ந்துபோச்சு, அதனால இந்த இதழ்ல மொத்தமா எடுத்துக்கிறேன். வீட்டு அளவுல, அதாவது 200 லிட்டர்லேர்ந்து 1000 லிட்டர் வரைக்கும் தொட்டி வச்சிருக்கவங்களுக்குத்தான் இந்த பதில் எல்லாம். பெரிய பண்ணைக்கு கணக்கு வேற.

கோயம்புத்தூர் வாசகர்: அக்கா, வீடியோ பார்த்து 300 லிட்டர் ட்ரம் வச்சு மேல ஜல்லி பெட் போட்டு 50 ஜிலேபி மீன் குஞ்சு வாங்கி விட்டேனுங்க. ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாம் நாள்லேர்ந்து எல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு, ஒரு வாரத்துல பாதிக்கு மேல போயிருச்சு. ஏர் பம்ப் நிக்காம ஓடிட்டுதான் இருந்துச்சுங்க. குஞ்சு குடுத்தவரு ஏமாத்திட்டாரா?

குஞ்சு குடுத்தவர் மேல தப்பு இருக்க வாய்ப்பு கம்மி தம்பி. உங்க தொட்டியில மீன் இருந்துச்சு, செடி இருந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல வேலை செய்ய வேண்டிய பாக்டீரியா இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான் நடந்திருக்கு. மீன் திங்கிற தீவனத்துல இருக்குற புரதம் அம்மோனியாவா வெளிய வருது, பெரும்பகுதி செவுள் வழியாவே வருது. இது மீனுக்கே விஷம். நைட்ரோசோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா இதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் மீனுக்கு விஷம்தான். அதுக்கு அப்புறம் நைட்ரோபேக்டர், நைட்ரோஸ்பைரா மாதிரி இன்னொரு கூட்டம் வந்து நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும், இதுதான் செடிக்கு சாப்பாடு, மீனும் இதை ஓரளவு நல்லாவே தாங்கும். இந்த ரெண்டு கூட்டமும் ஜல்லியில ஒட்டி பெருகி வர 4 வாரத்துலேர்ந்து 6 வாரம் வரைக்கும் ஆகும். புது மண்சட்டிய பழக்காம அடுப்புல ஏத்தினா என்ன ஆகும்னு அம்மாவுக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான், பழகாத தொட்டியில 50 மீனு தாங்காது.

இன்னொரு விஷயம் கோயம்புத்தூர் போர் தண்ணிக்கு முக்கியம். அம்மோனியா எல்லா தண்ணியிலயும் ஒரே அளவு விஷம் கிடையாது, தண்ணியோட அமில கார அளவ காட்டுற பிஹெச் ஏற ஏற கொடூரமாகும். தண்ணி 30 டிகிரி சூடு, பிஹெச் 7 இருந்தா மொத்த அம்மோனியாவுல விஷமா இருக்குற பங்கு நூத்துல ஒண்ணு கூட வராது, அதே தண்ணி பிஹெச் 8 ஆனா நூத்துல ஏழுக்கு மேல போயிடும். அதனாலதான் ஒருத்தர் வீட்டுல பொழைக்கிற மீன் அடுத்த வீட்டுல அதே மாதிரி செஞ்சும் சாகுது.

மறுபடி ஆரம்பிங்க, ஆனா இந்த தடவை மீன் இல்லாம ஆரம்பிங்க. மோட்டார் ஓடட்டும், தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போட்டுட்டு வாங்க, அது அழுகி அம்மோனியா வரும். ஏற்கனவே நல்லா ஓடுற தொட்டி வச்சிருக்கவங்க யாராவது தெரிஞ்சா ரெண்டு கை ஜல்லியோ பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சோ வாங்கி ஈரம் காயாம கொண்டுவந்து போடுங்க, காத்திருக்குற நேரம் நல்லாவே குறையும். சொட்டு சொட்டா ஊத்தி கலர் பாக்குற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க, அது இல்லாம இந்த வேலையில இறங்கவே வேணாம்னு கண்டிப்பா சொல்வேன். முதல்ல அம்மோனியா ஏறும், அப்புறம் அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் தெரியும், அன்னைக்கு மீன் விடலாம்.

இப்ப மிச்சம் இருக்குற மீன காப்பாத்தணும்னா தீவனத்த உடனே நிறுத்துங்க, மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்துங்க, கார்ப்பரேஷன் தண்ணியா இருந்தா ஒரு நாள் தொறந்து வச்சு குளோரின் போனதுக்கு அப்புறம் ஊத்துங்க. செத்த மீன் ஒண்ணோட செவுள தூக்கிப் பாருங்க, செக்கச்செவேல்னு இல்லாம சாக்லேட் கலர்ல இருந்தா அது நைட்ரைட் வேலை. அதுக்கு லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போதும், 300 லிட்டருக்கு 300 கிராம். உப்புல இருக்குற குளோரைடு நைட்ரைட்ட செவுளுக்குள்ள போக விடாது. இந்த அளவ பெரும்பாலான செடிங்க தாங்கிக்கும், பீன்ஸ் மட்டும் கொஞ்சம் முகம் சுளிக்கும்.

தாம்பரம் வாசகி: மேடம், எங்க வீட்டு மொட்டை மாடியில 1000 லிட்டர் தொட்டி வச்சு பக்கத்துலயே ஜல்லி பெட் போடலாம்னு இருக்கோம். வீட்டுக்காரர் மாடி தாங்குமான்னு பயப்படுறார். தண்ணி டேங்க்கே மாடியிலதானே இருக்கு, அப்புறம் என்ன பயம்?

அவர் பயப்படுறது சரிதாம்மா. 1000 லிட்டர் தண்ணின்னா 1 டன், அது ஏறக்குறைய 1 சதுர மீட்டர் இடத்துல உக்காருது. ஜல்லி பெட் அதுக்கு மேல. 30 செ.மீ. ஆழத்துல 1 சதுர மீட்டர் பெட் போட்டா ஜல்லி மட்டுமே 450 கிலோ வரும், அதுக்குள்ள நிக்கிற தண்ணி 100 கிலோவுக்கு மேல. ஆள் போய் வர்ற மொட்டை மாடிய சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ கூடுதல் பாரத்துக்குத்தான் டிசைன் பண்ணச் சொல்லுது கட்டட பாரத்துக்கான நம்ம இந்திய தரநிலை ஐஎஸ் 875. உங்க கணக்கு அதை விட பல மடங்கு தாண்டுது. இன்னைக்கே இடிஞ்சு விழும்னு சொல்லல, ஆனா விரிசல் விட்டு, தண்ணி இறங்கி, கம்பி துருப்பிடிச்சு வர்ற செலவு தக்காளியில வராது. வீட்டு டேங்க்க எங்க வச்சிருக்காங்கன்னு பாருங்க, தூணோ சுவரோ மேல வர்ற இடமா பார்த்து தனியா கட்டைச்சுவர் எழுப்பி அதுமேல வச்சிருப்பாங்க, நடு ஸ்லாப்ல இல்ல.

போர்டிகோ ஓரத்துலயோ பின்பக்கம் தரையிலயோ இடம் இருந்தா தொட்டிய அங்க வைங்க. மாடிதான்னு முடிவுன்னா ஒரு இன்ஜினியர கூப்பிட்டு பீம் எங்க ஓடுதுன்னு காட்டச் சொல்லி, 200 லிட்டர் டப்புங்களா பிரிச்சு பீம் மேல, சுவர் ஓரமா வைங்க. ஜல்லிக்கு பதிலா சுட்ட களிமண் உருண்டை போட்டா எடை மூணுல ஒரு பங்குக்கு வந்துடும், விலை ஜாஸ்திதான் ஆனா மாடிக்கு அதுதான் நியாயம். 4 இன்ச் பிவிசி பைப்ல ஓட்டை போட்டு கீரை வைக்கிறதும் எடை கம்மி. ஆனா பைப் முறையில ஜல்லி இல்லாததால மீன் கழிவ வடிகட்ட தனி ஃபில்டர் ட்ரம் கண்டிப்பா வேணும், இல்லன்னா வேர்ல சகதி ஏறி அழுகிடும். சென்னை மே மாசத்துக்கு 50 சதவீத நிழல் வலை போடாம மாடியில மீன் வைக்காதீங்க. கறுப்பு டப்பு வேணவே வேணாம், தண்ணி 35 டிகிரிய தாண்டினா மீனும் தவிக்கும் வேரும் வாடும்.

மதுரை வாசகர்: ஒருத்தர் 1000 லிட்டருக்கு 100 மீன்ங்கிறாரு, இன்னொருத்தர் 20 போதும்ங்கிறாரு. யார் சொல்றது சரி?

மீன எண்ணாதீங்க, தீவனத்த எடை போடுங்க. செடிக்குப் போற சத்து முழுக்க நீங்க கையால போடுற தீவனத்துலேர்ந்துதான் வருது, அதனால கணக்கு அங்கதான் ஆரம்பிக்கணும். ஜல்லி பெட்ல 1 சதுர மீட்டர் கீரைக்கு ஒரு நாளைக்கு 40லேர்ந்து 50 கிராம் தீவனம், தக்காளி கத்தரி மாதிரி காய்க்கு 50லேர்ந்து 80 கிராம். வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ரகோசி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி மிதவைப் பலகை முறைக்கு சொன்னது 60லேர்ந்து 100 கிராம். அவங்க தனியா கழிவ பிரிச்சு எடுத்தாங்க, அதனால அந்த அளவ அப்படியே நம்ம ஜல்லி பெட்டுக்கு வைக்க முடியாது. வீடியோவுக்கு வீடியோ நம்பர் மாறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப 500 லிட்டர் தொட்டி, அதே அளவு ஜல்லி பெட், அதாவது 30 செ.மீ. ஆழத்துல 1.5 சதுர மீட்டருக்கு கொஞ்சம் மேலன்னு வச்சுக்குவோம். கீரைக்கு நாளுக்கு 75 கிராம் தீவனம் போதும். வளர்ந்த மீன் தன் எடையில நூத்துல ஒண்ணரை பங்கு திங்கும், அப்ப 75 கிராம் திங்க 5 கிலோ மீன் இருந்தா சரியா இருக்கும், அரைக்கிலோ மீன்னா 10. ஒண்ணு ரெண்டு சாகும்னு 12 குஞ்சு விடுங்க. 500 லிட்டருக்கு 12 மீனான்னு எல்லாரும் கேப்பாங்க, கேக்கட்டும். குஞ்சா இருக்கும்போது கொஞ்சமாத்தான் திங்கும், அந்த நேரத்துல பெட் முழுக்க நட்டுட்டு செடி வளரலைன்னு வருத்தப்பட வேணாம், பாதி பெட்ல புதினா, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை மட்டும் வைங்க, மீன் பெருசாக பெருசாக தக்காளிக்கு வாங்க.

போடுற தீவனத்த 10 நிமிஷத்துல தின்னு முடிக்கணும். மிச்சம் மிதந்தா அள்ளிடுங்க, அது செடிக்கு உரம்னு நினைச்சு விட்டுடாதீங்க, ஆக்சிஜன தின்னுட்டு அழுகும். தண்ணியில மிதந்து வளர்ற அசோலா செடிய மீனுக்குப் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க, ஜிலேபி விரும்பித் திங்கும், தாராளமா சேர்த்துக்கோங்க, ஆனா தீவனத்துக்கு முழு மாற்றா வச்சுக்காதீங்க.

ஒட்டன்சத்திரம் வாசகர்: தக்காளிச் செடியில புது இலையெல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. நைட்ரேட் பார்த்தேன், நல்லா இருக்கு. பிஹெச் 8.2. அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி போட்டும் பிரயோஜனம் இல்ல. லெமன் பிழிஞ்சு ஊத்தி பிஹெச் குறைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

இலைய இவ்வளவு உன்னிப்பா பார்த்து எழுதினதுக்கே பாதி பதில் கிடைச்சிடுச்சுங்க. புது இலை மஞ்சள், நரம்பு பச்சைன்னா இரும்புச்சத்து இல்ல. இதே மஞ்சள் கீழ இருக்குற பழைய இலையில நரம்புக்கு நடுவுல வந்திருந்தா மெக்னீசியம், பழைய இலை ஓரம் மட்டும் கருகினா பொட்டாசியம், பழைய இலை முழுக்க வெளிறினா நைட்ரஜன். மீன் தீவனத்துல இரும்பும் பொட்டாசியமும் செடிக்கு போதுற அளவு இருக்காது, அதனால எவ்வளவு நல்ல தொட்டியா இருந்தாலும் இந்த ரெண்டும் வெளியிலேர்ந்து குடுத்துத்தான் ஆகணும். மீன் கழிவே எல்லா சத்தும் குடுத்துடும்னு சொல்றத நம்பித்தான் நிறைய பேர் காய்ச் செடிய கைவிடுறாங்க, எனக்கு அதுதான் ஆதங்கம்.

அன்னபேதி கெட்ட பொருள் இல்ல, உங்க 8.2 தண்ணியில விழுந்த வேகத்துல துருவா மாறி அடியில படிஞ்சுடும், வேருக்குப் போய் சேராது. கீலேட் பண்ணின இரும்பு, அதாவது துருவா மாறாம கரைஞ்சே நிக்கிற மாதிரி வேற பொருளோட பிணைச்ச இரும்பு வேணும், அதுலயும் எதுன்னு பார்த்து வாங்கணும். கடையில ஈஸியா கிடைக்கிற இடிடிஏ (EDTA) பிஹெச் 6.5க்கு கீழதான் நிக்கும். டிடிபிஏ (DTPA) 7.5 வரைக்கும். உங்க தண்ணிக்கு இடிடிஹெச்ஏ (EDDHA)தான், போட்டா தண்ணி சிவப்பா மாறும், பயப்படாதீங்க, மீனுக்கு ஒண்ணும் ஆகாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கணக்குல, 6 சதவீத இடிடிஹெச்ஏ 500 லிட்டருக்கு 17 கிராம் அளவுல வரும். ஒரு பக்கெட்ல கரைச்சு ஊத்துங்க, அடுத்து வர்ற புது இலைய பார்த்துட்டு தேவைப்பட்டா மறுபடி. நுண்சத்துக் கலவைன்னு விக்கிற பாக்கெட்ட அப்படியே கொட்டிடாதீங்க, அதுல இருக்குற காப்பர் செடிக்கு துளிதான் வேணும், மீனுக்கு அது ஆபத்து.

லெமன் வேணாம். சிட்ரிக் ஆசிட் பாக்டீரியாவுக்கு ஆகாது, அதுவும் போக உங்க போர் தண்ணியில இருக்குற சுண்ணாம்பு சத்து ரெண்டு நாள்ல பிஹெச்ச பழைய இடத்துக்கே கொண்டுவந்துடும், மீனுக்கு இப்படி ஏறி இறங்குறதுதான் பெரிய கஷ்டம். மழைத்தண்ணிதான் மருந்து. 2003-லயே மழைநீர் சேகரிப்ப எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கின ஊர் நம்மது, பைப் எப்படியும் மாடியிலேர்ந்து இறங்குது, அதுல ஒரு வாயை திருப்பி ட்ரம்ல விடுங்க. ஐப்பசி கார்த்திகையில பிடிக்கிற தண்ணி கோடைக்கு வரும். தினமும் ஆவியாகி குறையுற தண்ணிக்கு போர் தண்ணி ஊத்த ஊத்த உப்பு சேர்ந்துக்கிட்டே போகுமே தவிர குறையாது, ஏன்னா ஆவியா போறது தண்ணி மட்டும்தான். ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய இதுக்கு விடவே விடாதீங்க, போர் தண்ணிய விட அது மோசம்.

முழுசா மழைத்தண்ணிக்கு மாறினவங்க வேற பக்கம் பாக்கணும். பாக்டீரியா வேலை செய்யும்போது ஆசிட் உண்டாகும், மழைத்தண்ணியில அதை தாங்க எதுவும் இல்ல, பிஹெச் 6க்கு கீழ போச்சுன்னா பாக்டீரியா வேலைய நிறுத்திடும். ஒரு துணிப்பையில கிளிஞ்சல் கொஞ்சம் போட்டு தண்ணி விழுற இடத்துல கட்டி விடுங்க, தேவையான அளவு தானா கரையும். தக்காளிக்கு பொட்டாசியம் பைகார்பனேட் சேர்த்தா பிஹெச்சும் ஏறும் பொட்டாசியமும் கிடைக்கும்.

யாழ்ப்பாணம் வாசகி: எங்கட கிணத்துத் தண்ணி உவர் இல்லை, ஆனா கேத்திலில வெள்ளையாப் படியுது. இஞ்ச வெள்ளைக் கல்லுச் சல்லிதான் மலிவாக் கிடைக்குது. அதைப் பெட்டுக்குப் பாவிக்கலாமோ?

பாவிக்க வேணாம்மா. உங்க ஊர் நிலமே சுண்ணாம்புக் கல்லு, அதுல ஊறி வர்றதாலதான் தண்ணி கேத்தில்ல படியுது, அந்த தண்ணியில அதே கல்ல போட்டா பிஹெச் 8லேர்ந்து இறங்கவே இறங்காது. சந்தேகம் இருந்தா ஒரு கல்ல நல்லா கழுவி காய வச்சு ஒரு கிளாஸ் வினாகிரில போடுங்க, நுரை கிளம்பினா சுண்ணாம்பு, சும்மா கிடந்தா எடுத்துக்கலாம். கருங்கல்லுச் சல்லி 12லேர்ந்து 20 மி.மீ. கொஞ்சம் விலை கூடினாலும் ஒரு தடவைதானே வாங்குறீங்க. நல்லா வெந்த ஓட்டுத் துண்டும் சரிவரும். கங்குன் கீரை இந்த முறையில அள்ளிக் குடுக்கும், அதுலயே ஆரம்பிங்க.

நாகர்கோவில் வாசகர்: ஜிலேபி தவிர வேற என்ன மீன் விடலாம்? ஆப்பிரிக்கன் கெளுத்தி சீக்கிரம் வளரும், சாகவே சாகாதுன்னு ஒருத்தர் குஞ்சு தரேன்னு சொல்றார்.

வாங்காதீங்க. தேளின்னும் சொல்லி விக்கிற அந்த ஆப்பிரிக்கன் கெளுத்தி இந்தியாவுல தடை செஞ்ச மீன், 2019-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அதுல கண்டிப்பா இருந்துச்சு. தப்பிச்சு குளத்துக்குள்ள போனா அங்க இருக்குற விரால், கெண்டை, தவளை எதையும் விடாது. உங்க மாவட்டத்துல தெருவுக்குத் தெரு குளம், மழை வெள்ளத்துல தொட்டி நிரம்பி வழிஞ்சா ஓடையில போய் சேர எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்க.

நம்ம ஏரியில இருக்குற ஜிலேபியே 1952-ல வெளியிலேர்ந்து கொண்டுவந்து விட்டதுதான், குஞ்சு பொரிச்சு பெருகி எல்லாம் சின்ன சின்னதாவே நின்னுபோகும். ஜிலேபி இனத்துலயே இப்ப கிப்ட் திலேப்பியான்னு வர்றது 1988லேர்ந்து பிலிப்பைன்ஸ்ல தேர்ந்தெடுத்து உருவாக்கின ரகம், வேகமா வளரும், அதுக்கு மீன்வளத்துறை அனுமதி வேணும், உங்க மாவட்ட அலுவலகத்துல கேட்டுட்டு அங்கீகாரம் உள்ள இடத்துலேர்ந்து ஆண் குஞ்சா வாங்குங்க. விரால் ருசியில ராஜா, காத்துலயும் மூச்சு விடும், ஆனா ஒண்ண ஒண்ணு திங்கும், தாவும், ஒரே அளவா பிரிச்சு மேல வலை கட்டி வளர்க்க பொறுமை இருக்கவங்களுக்குத்தான். பனையேறிக் கெண்டை ரொம்ப உறுதி, அதுக்கும் வலை வேணும். கட்லா, ரோகு குளத்து மீன், 500 லிட்டர்ல அடைச்சு அதுங்கள கஷ்டப்படுத்த வேணாம்.

ஸ்ரீரங்கம் வாசகி: நாங்க மீன் சாப்பிடமாட்டோம். காய்க்காக மட்டும் இதைப் பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம் மாமி. கோய் கெண்டை, தங்கமீன் ரெண்டும் இதுக்கு ரொம்ப நல்லா ஒத்துப்போகும், வருஷக்கணக்கா இருக்கும், நிறைய கழிவு போடும். சாப்பிடுறதுக்காக மீன் எடுக்காததால உங்க தொட்டி மத்தவங்களோடத விட நிதானமாவே ஓடும். ஒரே விஷயம், கோய் பெருசாகும், 300 லிட்டருக்கு கோய் வேணாம், தங்கமீன் வைங்க.

சேலம் வாசகர்: கத்தரியில மாவுப்பூச்சி, மிளகாயில அசுவினி. வேப்பெண்ணெய் இயற்கைதானே, சோப்பு கலந்து அடிக்கலாமா? பஞ்சகவ்யா ஊத்தலாமா?

மண்ணுல இருக்குற செடிக்கு நீங்க கேக்குற மூணுமே நல்லது, இங்க மூணுமே வேணாம். வேப்பெண்ணெய், சோப்பு ரெண்டும் சொட்டி தொட்டியில இறங்கினா மீனோட செவுள பாதிக்கும், இயற்கையா செயற்கையான்னு செவுளுக்குத் தெரியாது. பஞ்சகவ்யா, மீன் அமிலம், சாணக்கரைசல் எதை ஊத்தினாலும் தொட்டியில இருக்குற ஆக்சிஜன அது அழுகுறதுக்கே எடுத்துக்கும். சாணத்துல வேற கவலையும் இருக்கு. மீன் குளிர் ரத்தப் பிராணி, மாடு வெப்ப ரத்தப் பிராணி, மாட்டுச் சாணத்துல வர்ற ஈ.கோலை மாதிரி கிருமி நாம பச்சையா திங்கிற கொத்தமல்லி, புதினா வரைக்கும் வந்துடும்.

அசுவினிய காலையில வேகமா தண்ணி பீய்ச்சி அடிச்சு இறக்குங்க, அடுத்தடுத்து ரெண்டு மூணு நாள் செஞ்சா கூட்டம் உடையும், விழுந்தத மீனே தின்னுடும். மாவுப்பூச்சி கொத்தா பிடிச்ச கிளைய தயங்காம வெட்டி வெளிய போடுங்க, மிச்சத்த பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. எறும்பு வர்ற வழிய அடைங்க, எறும்புதான் அசுவினியயும் மாவுப்பூச்சியயும் செடிக்கு செடி தூக்கிட்டுப் போகுது. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப் பொறி. காய்ப்புழுவுக்கு பிடி (Bt)ங்கிற பாக்டீரியா மருந்து அடிக்கலாம், அது புழுவுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பக்கத்து வீட்டுல கொசு மருந்து புகை அடிக்கிற அன்னைக்கு தொட்டிய மூடி வைங்க.

பட்டுக்கோட்டை வாசகர்: கஜா புயல்ல எங்க ஊருல வாரக்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தோம். அந்த மாதிரி வந்தா மீன எப்படி காப்பாத்துறது? சாதாரண கரண்ட் கட்டுக்கு என்ன செய்யணும்?

2018 நவம்பர்ல டெல்டா பட்டது இன்னும் யாருக்கும் மறக்கல, நீங்க கேக்குறது சரியான கேள்வி. கரண்ட் போனா முதல் ஆபத்து பட்டினி இல்ல, ஆக்சிஜன். சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மியாத்தான் நிக்கும், 30 டிகிரியில லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் அதிகபட்சமே. மீன் நெருக்கமா இருந்தா ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துலயே மேல வந்து வாய் பிளக்கும். மதுரைக்காரருக்கு 12 மீன் போதும்னு நான் பிடிவாதமா சொன்னதுக்கு இதுவும் காரணம், கம்மியா இருந்தா ராத்திரி முழுக்க கூட தாங்கும்.

12 வோல்ட் டிசி ஏர் பம்ப் 5 வாட்டுல கிடைக்குது, பைக் பேட்டரி அளவு 7 ஏஹெச் பேட்டரி ஒண்ணோட சேர்த்தா 8 மணி நேரம் வரும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஏர் பம்ப்ப மட்டும் சேருங்க, தண்ணி மோட்டார வேணாம், ஏன்னா உயிருக்குத் தேவை காத்துதான். கரண்ட் போனதுமே தீவனம் கிடையாது, வளர்ந்த மீன் பல நாள் திங்காம இருக்கும், தின்னாத்தான் ஆக்சிஜன் ஜாஸ்தி செலவாகும், அம்மோனியாவும் ஏறும். பேட்டரியும் தீர்ந்துட்டா ஒரு சொம்பால தண்ணிய மொண்டு ரெண்டடி உயரத்துலேர்ந்து ஊத்துங்க, வீட்டுல ஆள் மாத்தி ஆள். புயல் மாதிரி நாள்கணக்கா இழுக்கும்னு தெரிஞ்சா பெரிய மீன எல்லாம் முதல்லயே பிடிச்சு சமைச்சுடுங்க.

பெட்ல இருக்குற தண்ணிய அப்ப வடிச்சு விட்டுடணும். ஈரமா இருந்தா பாக்டீரியா சில நாள் இருக்கும், நிறைஞ்ச தண்ணியில காத்தில்லாம நின்னா செத்து முட்டை நாத்தம் அடிக்கும். இன்னொண்ணு கரண்ட் இருக்கும்போது நடக்குற விபத்து, பைப் கழண்டு மோட்டார் மொத்த தண்ணியயும் வெளிய இறைச்சுடும். மோட்டார தொட்டி அடியில வைக்காம ஒரு செங்கல் அடுக்கி பாதி உயரத்துல வைங்க, எது உடைஞ்சாலும் பாதி தண்ணி மீனுக்கு மிஞ்சும்.

புதுச்சேரி வாசகி: கொசு வராதா?

மீன் இருக்குற தொட்டியில வராது, கூத்தம்புழுவ விட்டு வைக்காதுங்க. மீன் இல்லாத ஃபில்டர் ட்ரம், தண்ணி வந்து சேர்ற சம்ப் டப்பு, பெட்டோட மூலை இதுலதான் வரும். அங்க ரெண்டு கப்பி மீன் விடுங்க, இல்லன்னா கொசு வலையால மூடுங்க. ஜல்லியோட மேல்பக்கம் ரெண்டு விரக்கடை எப்பவும் காஞ்சே இருக்குற மாதிரி தண்ணி மட்டத்த வைங்க, பாசியும் பிடிக்காது.

ஈரோடு வாசகர்: ஒரு கம்பெனிக்காரங்க 500 லிட்டர் செட்டு ஒண்ணு வாங்கினா மாசம் ஆயிரக்கணக்குல லாபம்னு சொல்றாங்க. நம்பலாமா?

கணக்கு போட்டே பாத்துடுவோங்க. 12 மீன், ஆளுக்கு அரைக்கிலோ, 6லேர்ந்து 8 மாசத்துக்கு அப்புறம் மொத்தம் 6 கிலோ. அதுக்கு தீவனம் மட்டும் ஏறக்குறைய 9 கிலோ. ஒண்ணரை சதுர மீட்டர் கீரை வீட்டுக்கு வாரத்துல ரெண்டு மூணு நாள் சமையலுக்கு வரும். 20 வாட் மோட்டார், 10 வாட் ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 43 யூனிட், அது இலவச யூனிட்டுக்குள்ள அடங்கிடுமா உங்க பில்ல பாருங்க. தினம் குறையுற தண்ணி 5லேர்ந்து 15 லிட்டர்தான், இந்த தண்ணிச் சிக்கனம் மண்ணுத் தோட்டத்துல கிடைக்காது. இதுல மாசம் ஆயிரக்கணக்குல லாபம் எங்கேர்ந்து வரும்? மருந்தடிக்காத கீரை, கண் முன்னால வளர்ந்த மீன், பிள்ளைங்க தினம் தொட்டியப் பாக்குற சந்தோஷம், இதுக்காக வர்றீங்கன்னா வாங்க, செட்டு வாங்காம ட்ரம்மும் ஜல்லியும் வாங்கி நீங்களே போடுங்க. விக்கிறதுக்குன்னா முதல்ல இந்த சின்னத ஒரு வருஷம் ஓட்டுங்க, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்ததுக்கு அப்புறம் யோசிங்க.

தூத்துக்குடி வாசகர்: மீன் பெருசாயிருச்சு, முதல் மீன பிடிச்சு குழம்பு வச்சோம், சேத்து வாடை அடிக்குது. கடல் மீன் தின்னு பழகின வாய், வீட்டுல யாரும் தொடல. என்ன பண்றது?

அந்த வாடை தண்ணியில இருக்குற சில பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குற ஜியோஸ்மின்னு ஒரு பொருள், மீனோட கொழுப்புல போய் சேரும், மஞ்சளும் புளியும் போட்டு கழுவினா பாதிதான் போகும். பிடிச்ச மீன சுத்தமான தண்ணி இருக்குற வேற டப்புல காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் போட்டு, தீவனம் இல்லாம, 2லேர்ந்து 3 நாள் விடுங்க, நடுவுல தண்ணிய மாத்துங்க, மேல மூடி வைங்க. அப்புறம் எடுத்து குழம்பு வச்சா வீட்டுல தொடுவாங்க. தொட்டியில வெயில் படாம மூடி வச்சாலே பாசி குறையும், அடியில சேர்ந்த சகதிய வாரத்துக்கு ஒரு தடவை டியூப் வச்சு உறிஞ்சி எடுத்து மண்ணுல இருக்குற முருங்கைக்கு ஊத்துங்க.

எல்லா மீனையும் ஒரே நாள்ல பிடிச்சுடாதீங்க, மறுநாளே செடிக்கு சாப்பாடு நின்னுபோகும், பாக்டீரியாவும் பட்டினியில குறைஞ்சுடும். வாரம் ஒண்ணோ ரெண்டோ எடுங்க, பாதி ஆனதும் புதுக் குஞ்ச தனி வலைக்கூட்டுல விட்டு அதே தொட்டியில வளருங்க, பெரிய மீன் வாய்க்கு சிக்காத அளவு வந்ததும் கூட்ட எடுத்துடுங்க.